உறைகடலில் உடற்சூட்டைக் காத்தல்

அண்டார்க்டிகாக் கண்டத்தின் கரையோரத்தில் மக்மர்டோ சவுண்டு என்னும் கடற்பகுதி உள்ளது. அங்கு வசந்த காலத்தில் கடலின் மேற்பரப்பு ஏறக்குறைய 2 மீட்டர் தடிப்புள்ள பனிக்கட்டியால் மூடப்பட்டிருக்கும். அதன் கீழுள்ள நீரின் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 1.9 சென்டிகிரேட் டிகிரியாகும். உப்புக் கலந்திருப்பதனாலேயே அந்நீர் உறையாமல் திரவ நிலையில் இருக்கின்றது. அங்குள்ள அமெரிக்க ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த உயிரியல் அறிஞர்கள் 1960-களிலிருந்து பனிக்கட்டியைத் துளைத்துக் கடலுக்குள் இறங்கி, அடித்தரையில் வாழும் கடற்பஞ்சுகளையும் நட்சத்திர மீன்களையும் பிற உயிர்களையும் ஆராய்ந்து வருகின்றனர்.

அக்கடலில் வாழும் மீன்களின் இரத்தத்தில், உறைதலைத் தடுக்கும் ஒருவகைப் புரதப் பொருள் உண்டு. ஆகவே அவை அந்நீரில் இன்னலின்றி உலவுகின்றன. மனிதனுக்கு அத்தகைய இயற்கைக் காப்பு எதுவும் இல்லை. சாதாரண உடையுடன் அந்நீரில் விழுந்தவனின் கைகள் சில நிமிடங்களிலேயே செயலற்றுப் போகும். எனினும், தக்க உடையணிந்து முதுகில் காற்று உருளையைச் சுமந்து இறங்கும் ஆராய்ச்சியாளர் அரைமணி நேரமும் அதற்கு மேலும் அங்கே பணிபுரிந்து, உள்ளாடை நனையாமல் மேலே வருகின்றார். இதற்குத் துணை செய்வது ‘உலர் உடை’ எனப்படும் நீர் புகாத முழு உடையாகும்.

இவ்வுடையைப் பற்றிப் பலரும் கொண்டுள்ள தவறான கருத்து ஒன்று உண்டு. உடைதான் உடலுக்கு வெப்பத்தைத் தருகின்றது என்று அவர்கள் எண்ணுகின்றனர். உண்மையில் வெப்பம் பிறப்பது உடலில்தான். அதை வெளியே ஓடிவிடாமல் தாமதிக்கச் செய்வது உடைக்குள் சிறைப்பட்டிருக்கும் காற்று. அக்காற்று உலர்ந்ததாகவும், அசையாததாகவும், போதிய தடிப்புடையதாகவும் இருக்கும் வரையில் மனிதன் பிழைப்பான். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் குளிர் உள்ளே நுழைந்துவிடும். உலர் உடையின் அமைப்பும் அதைக் கையாளும் முறைகளும் இம்மூன்றையும் காப்பதற்காகவே ஏற்பட்டவை எனலாம்.

நீர் உடலைக் குளிர்விக்கும் விதம்

மனித உடலின் உட்புற வெப்பநிலை சுமார் 37 டிகிரி. அது 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால், உடற்குளிர்ச்சி என்னும் அபாய நிலை தொடங்குகின்றது. 28 டிகிரி வெப்பமுள்ள காற்றில் நாம் சுகமாக அமர்ந்திருக்கின்றோம். அதே 28 டிகிரி வெப்பமுள்ள நீரில் நெடுநேரம் அசையாமல் இருந்தால் நடுக்கம் ஏற்படுகின்றது. காற்றைக் காட்டிலும் நீர் ஏறக்குறைய 23 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்துவதே இதற்குக் காரணமாகும். அன்றியும், ஒரே கன அளவுள்ள காற்றையும் நீரையும் ஒரு டிகிரி சூடாக்குவதற்கு, நீருக்கு 3,000 மடங்குக்கும் மிகுதியான வெப்பம் தேவைப்படும். ஆகவே எவ்வளவு வெப்பத்தை உடல் வெளிவிட்டாலும் நீர் சலியாமல் அதை வாங்கிக்கொள்ளும்.

ஓர் எளிய கணக்கினால் இதை விளக்கலாம். தோலின் வெப்பநிலை 33 டிகிரி என்றும், வெளியேயுள்ள நீர் பூஜ்யத்துக்குக் கீழே 2 டிகிரி என்றும் கொள்வோம். இரண்டுக்குமிடையே வேற்றுமை 35 டிகிரி. உடலின் மேற்பரப்பு 1.8 சதுர மீட்டர். தோலைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் தடிப்புக்கு முற்றிலும் அசையாத காற்றுப் படலம் இருந்தால், அதன் வழியே வெளியேறும் வெப்பம் சுமார் 164 வாட். ஓய்வாக இருக்கும் மனிதன் சுமார் 100 வாட் வெப்பத்தை உண்டாக்குகின்றான்; நீந்தி வேலை செய்யும்போது அது பல மடங்காகின்றது. ஆகவே இந்த இழப்பை அவனால் ஈடுசெய்ய இயலும். காற்றுக்குப் பதிலாக அதே தடிப்புள்ள, அசையாத நீர்ப் படலம் இருக்குமாயின், இழப்பு சுமார் 3,800 வாட் ஆகிவிடும். எந்த மனித உடலும் அதை ஈடுசெய்ய இயலாது. உலர் உடை கிழிந்து நீர் நிறையுமானால் நேரும் விபரீதத்தின் அளவை இவ்விரு எண்களும் காட்டுகின்றன.

உடையின் வரலாறு

நீர் புகாத உடையினுள் கம்பளி அணிந்து இறங்கும் முறை புதியதன்று. 1837-ஆம் ஆண்டில் லண்டனைச் சேர்ந்த அகஸ்டஸ் சீபே என்பார், செம்புத் தலைக்கவசத்துடன் இணைந்த மூடிய ரப்பர்த்துணி உடையை உருவாக்கினார். போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்கு அருகே 1782-இல் மூழ்கிய ‘ராயல் ஜார்ஜ்’ என்னும் போர்க்கப்பலின் சிதைவுகளை அகற்றும் பணி, 1839-இல் கர்னல் சார்லஸ் பாஸ்லியின் தலைமையில் தொடங்கியபோது இவ்வுடை பயன்படுத்தப்பட்டது. அப்பணியில் ஈடுபட்ட முக்குளிப்போர் கீல்வாத வலியாலும் குளிராலும் திரும்பத் திரும்பத் துன்புற்றதாகப் பதிவாகியுள்ளது. அவ்வலியின் உண்மைக் காரணம் பிற்காலத்தில்தான் புலனாயிற்று. அதைப் பின்னர்க் காண்போம்.

1952-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பௌதிக அறிஞர் ஹியூ பிராட்னர், ‘ஈர உடை’ என்பதை வகுத்தார். இது நுண்ணிய வாயுக் குமிழிகள் நிறைந்த நியோபிரீன் என்னும் செயற்கை ரப்பரால் ஆனது. இவ்வுடையினுள் சிறிது நீர் புகலாம். ஆனால் அக்குமிழிகளே குளிரைத் தடுக்கும். மிதமான கடல்களில் இவ்வுடை மிகவும் பயன்படுகின்றது. ஆயினும் இதற்கு ஒரு குறை உண்டு. 10 மீட்டர் ஆழத்தில் அமுக்கம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இரு மடங்காகின்றது. 30 மீட்டரில் நான்கு மடங்காகின்றது. அதற்கேற்பக் குமிழிகள் சுருங்கி, உடை மெலிந்துவிடுகின்றது. ஆழம் மிகுந்து நீரும் குளிர்ந்துள்ள இடத்தில், அதாவது காப்பு மிகுதியாக வேண்டிய இடத்தில்தான், அது குறைந்துபோகின்றது. இக்குறையை உலர் உடை நீக்குகின்றது.

உலர் உடையின் உறுப்புகள்

இன்று பெரிதும் வழங்கும் உலர் உடை, நைலான் அல்லது பாலியெஸ்டர் துணிகளுக்கிடையே பியூட்டைல் ரப்பர்ப் படலத்தை வைத்து ஒட்டிய மூவடுக்குத் துணியால் தைக்கப்படுகின்றது. காலணிகள் உடையுடனேயே ஒட்டப்பட்டிருக்கும். கழுத்திலும் மணிக்கட்டுகளிலும் லேடெக்ஸ் அல்லது சிலிக்கோனாலான மெல்லிய பட்டைகள் தோலை இறுக்கிப் பிடித்து நீரைத் தடுக்கும். உடையை அணிவதற்கான திறப்பை, நீர் புகாத ஜிப் ஒன்று மூடுகின்றது. மார்பில் காற்றை உள்ளே விடும் வால்வும், பெரும்பாலும் இடது மேற்கையில் காற்றை வெளியேற்றும் வால்வும் அமைந்திருக்கும்.

இத்துணியுடைக்குத் தனியாக வெப்பக்காப்பு ஏதும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. அதன் கடமை நீரைத் தடுப்பது மட்டுமே. குளிரைத் தடுப்பது உள்ளே அணியும் ஆடைகளின் வேலை. தோலை ஒட்டி, வியர்வையை உறிஞ்சி அப்பால் கடத்தும் மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழை ஆடையும், அதன் மேல் தடித்த கம்பளியோ, செயற்கை இழைப் பஞ்சு நிரப்பிய முழு அங்கியோ அணிவர். பருத்தி ஆடை இதற்கு ஏற்றதன்று. நம் நாட்டு வெயிலுக்குப் பருத்தி உகந்ததாக இருப்பதற்குக் காரணமான குணமே இங்கே பகையாகின்றது. அது வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொண்டு, தோலின் மேல் ஈரப் போர்வையாகப் படிந்துவிடும்.

அமுக்கமும் காற்றுப் படலமும்

முக்குளிப்பவர் கீழே இறங்க இறங்க, பாயில் விதிப்படி உடைக்குள்ளிருக்கும் காற்று சுருங்குகின்றது. வெளியமுக்கம் துணியை உடலோடு சேர்த்து நெரிக்கும். இது வலியைத் தருவதுடன், உள்ளாடையின் இழைகளுக்கிடையே தங்கியிருந்த காற்றையும் பிழிந்து வெளியேற்றிவிடுகின்றது. அப்போது மார்பிலுள்ள வால்வை அழுத்தி, சிறிது சிறிதாகக் காற்றை உள்ளே விட வேண்டும். இழைகள் மீண்டும் மலர்ந்து தம் தடிப்பைப் பெறும். மேலே வரும்போது இதற்கு நேர்மாறாகக் காற்று விரிவடையும்; அதை வெளியேற்றாவிடில், அவர் தம்மை அடக்க இயலாமல் மேற்பரப்புக்கு விரைந்து எழும்பிவிடுவார். அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

அதிகக் காற்றை நிரப்பினால் மேலும் வெப்பமாக இருக்கலாம் என்று புதியவர்கள் கருதுவது உண்டு. இது தவறு. இழைகளில் சிக்காமல் தாராளமாக உலவும் காற்று உடையினுள் அங்குமிங்கும் பாய்ந்து, சலனத்தினால் வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். அன்றியும், நீரில் செங்குத்தாக நிற்பவரின் காலடியில் உள்ள அமுக்கம், தோளில் உள்ளதைவிட மிகுதி. ஆகவே காற்றெல்லாம் தோள்களில் திரளும். கால்களைச் சுற்றியுள்ள துணி ஒட்டிக்கொள்ளும். பாதங்கள் முதலில் சில்லிடுவதற்கு இது ஒரு காரணமாகும். உடலைக் கிடைமட்டமாக வைத்து நீந்துபவரின் உடையில் காற்று சீராகப் பரவி நிற்கும்.

ஈரம் என்னும் உட்பகை

நீர் வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. கரையில் வெயிலில் உடையணிந்து, கனமான கருவிகளைச் சுமந்து நடப்பவருக்கு வியர்வை பெருகும். நீர் புகாத துணி அதை வெளியேறவும் விடாது. உள்ளாடை நனைந்த நிலையில் கடலில் இறங்கினால், முதல் பத்து நிமிடங்களில் சுகமாக இருந்தவர் அடுத்த பத்து நிமிடங்களில் நடுங்கத் தொடங்குவார். எனவே கருவிகள் யாவற்றையும் முன்னரே ஆயத்தம் செய்து, நிழலில் நின்று, கடைசி நேரத்தில் உடையை மூடுவது அனுபவசாலிகளின் வழக்கம். மணிக்கட்டுப் பட்டைக்குள் உள்ளாடையின் ஓர் இழை சிக்கினாலும், தலைமயிர் கழுத்துப் பட்டையில் மாட்டினாலும், அவ்வழியே நீர் கசியும். ஒவ்வொரு முறையும் மற்றொருவர் இவற்றைத் தடவிப் பார்த்துச் சரிசெய்தல் வேண்டும்.

கையும் மூச்சும்

குளிரை உணர்ந்தவுடன் உடல் தோலிலும் கைகால்களிலும் உள்ள இரத்தக் குழாய்களைச் சுருக்கி, இருதயம் முதலிய உள்ளுறுப்புகளைக் காக்கின்றது. இதனால் முதலில் பாதிக்கப்படுவன விரல்களே. உறைகடலில் பணியின் நேரத்தைப் பல வேளைகளில் முடிவு செய்வது காற்று உருளையன்று, விரல்கள்தாம். வால்வை அழுத்தவும், கயிற்றை அவிழ்க்கவும், தோழருக்குச் சைகை காட்டவும் விரல்கள் வேண்டும். ஆகவே உடையோடு இணைந்த உலர் கையுறைகளை அணிந்து, அவற்றினுள் மெல்லிய கம்பளிக் கையுறையும் இடுவர். தலைக்குத் தடித்த நியோபிரீன் முக்காடு அணிவர்.

சுவாசத்தின் வழியாகவும் வெப்பம் வெளியேறுகின்றது. உருளையிலிருந்து வரும் காற்று உலர்ந்தும் குளிர்ந்தும் இருக்கும். ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரல் அதைச் சூடாக்கி, ஈரமாக்கி வெளிவிட வேண்டும். ஆழம் கூடக் காற்றின் அடர்த்தியும் கூடுவதால் இந்த இழப்பும் கூடுகின்றது. அமுக்கப்பட்ட காற்று விரிவடையும்போது குளிர்வதனால், சுவாசக் கருவியின் வால்விலேயே பனி உறைந்து, காற்று அடங்காமல் பீறிட்டுக்கொண்டிருக்கவும் கூடும். இதனைத் தவிர்க்கவே, பனிக்கடலில் இறங்குவோர் கருவியை உலர்ந்த வெப்பமான இடத்தில் வைத்திருந்து, நீருக்குள் மூழ்கும் வரை அதில் மூச்செடுக்காமல் இருப்பர். இரண்டாவது சுவாசக் கருவி ஒன்றையும் உடன் கொண்டு செல்வர்.

ஆர்கான் வாயு

உடையினுள் காற்றுக்குப் பதிலாக வேறு வாயுவை நிரப்பினால் பயனுண்டா என்னும் கேள்வி எழுகின்றது. ஆர்கான் வாயு காற்றைவிட மந்தமாக வெப்பத்தைக் கடத்தும். அதன் கடத்தும் திறன் காற்றினுடையதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. முன்சொன்ன கணக்கில் 164 வாட் என்னும் இழப்பு, ஆர்கானில் சுமார் 112 வாட்டாகக் குறையும். ஹீலியமோ காற்றைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே மிக்க ஆழத்தில் ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசிப்பவர்கள், அதனை உடைக்குள் செலுத்தாமல் அதற்கெனத் தனியாக ஒரு சிறு உருளையை எடுத்துச் செல்கின்றனர்.

கணக்கு இவ்வாறு கூறினும், நடைமுறை அதற்கு முழுமையாக இசையவில்லை. நெதர்லாந்துக் கடற்படை முக்குளிப்போரைக் கொண்டு நடத்தப்பெற்று 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆர்கானை நிரப்பியவர்களுக்கும் காற்றை நிரப்பியவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. வாயுவை மாற்றினாலும் வெப்பம் உள்ளாடையின் இழைகள் வழியாகவும், நெரிக்கப்பட்டு மெலிந்த இடங்கள் வழியாகவும், தலை, கைகள், மூச்சு ஆகியவற்றின் வழியாகவும் வெளியேறுகின்றது என்பதை நினைத்தால் இம்முடிவு வியப்பளிப்பதன்று. நல்ல உலர்ந்த உள்ளாடைக்கு ஈடாக விலையுயர்ந்த வாயு அமைந்துவிடாது. ஆர்கானைச் சுவாசித்தால் பிராணவாயு இன்றி மயக்கமும் மரணமும் நேரும் என்பதால், அந்த உருளையைச் சுவாசக் கருவியுடன் ஒருபோதும் இணைத்தலாகாது.

குளிரும் மூட்டுவலியும்

‘ராயல் ஜார்ஜ்’ கப்பலில் பணிபுரிந்தோரின் கீல்வாதத்துக்கு இப்போது திரும்புவோம். ஆழத்தில் சுவாசிக்கும்போது, காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகின்றது. விரைந்து மேலே வந்தால் அது குமிழிகளாக வெளிப்பட்டு, மூட்டுகளில் கடும் வலியையும், சில வேளைகளில் முடக்கத்தையும் விளைவிக்கின்றது. இதுவே அமுக்க நீக்க நோய். அக்காலத்தில் குளிரின் மேல் சுமத்தப்பட்ட வலிகளில் பெரும்பகுதி இந்நோயாகவே இருந்திருக்க வேண்டும் என்பது இன்றைய கருத்து.

எனினும் குளிரை முற்றிலும் குற்றமற்றதாகக் கருதிவிட இயலாது. அமெரிக்கக் கடற்படையின் சோதனை முக்குளிப்புப் பிரிவு 2007-இல் வெளியிட்ட அறிக்கை இதனை நன்கு விளக்குகின்றது. அச்சோதனைகளில் நீரின் வெப்பநிலை 36 டிகிரியாகவும் 27 டிகிரியாகவும் மாற்றி அமைக்கப்பட்டது. ஆழத்தில் இருக்கையில் வெப்பமாகவும், மேலே வருகையில் குளிராகவும் இருந்தவர்களுக்கு நோய் மிகுதியாகத் தோன்றியது. ஆழத்தில் குளிராகவும், மேலே வருகையில் வெப்பமாகவும் இருந்தவர்களுக்கு மிகக் குறைவாகத் தோன்றியது. இதன் காரணத்தை எளிதில் உணரலாம். உடல் வெப்பமாக இருக்கையில் இரத்தம் கைகால்களில் தாராளமாக ஓடி, நைட்ரஜனைக் கொண்டு சேர்க்கின்றது. பின்னர் குளிரால் இரத்தக் குழாய்கள் சுருங்கினால், சேர்ந்த நைட்ரஜன் வெளியேற வழியின்றித் தங்கிவிடுகின்றது.

நடைமுறையில், துரதிருஷ்டவசமாக, பாதகமான வரிசையே இயல்பாக நேர்கின்றது. இறங்கும்போது உடல் சூடாகவும் ஆடை உலர்ந்தும் இருக்கும். நேரம் செல்லச் செல்லக் குளிர் ஏறி, மேலே வரும் வேளையில் நடுக்கம் தொடங்கும். மின்கலத்தால் சூடேற்றும் உள்ளாடை அணிபவர், தொடக்கத்திலேயே அதை முழுமையாக இயக்கி, திரும்பும் வேளையில் மின்கலம் தீர்ந்துபோக விடுவது இக்காரணத்தால் மிகவும் தவறானதாகும். உலர் உடை சுகத்துக்கான பொருள் மட்டுமன்று, பாதுகாப்புக்கான பொருளும் ஆகும் என்பது இதனால் விளங்கும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

இக்கோட்பாடுகளை ஆசிரியர்கள் எளிய பொருள்களைக் கொண்டு மாணவர்களுக்குக் காட்டலாம். ஒரே மாதிரியான மூன்று சிறு கண்ணாடிப் புட்டிகளில் 60 டிகிரி வெப்பமுள்ள நீரைச் சம அளவில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு வெப்பமானியைப் பொருத்துக. ஒன்றை உலர்ந்த கம்பளித் துணியால் தளர்வாகச் சுற்றுக. இரண்டாவதை, நனைத்துப் பிழிந்த அதே வகைத் துணியால் சுற்றுக. மூன்றாவதை உலர்ந்த துணியால் சுற்றி, அதன் மேல் நூலை நெருக்கமாக இறுக்கிக் கட்டுக. மூன்றையும் தனித்தனி பாலிதீன் பைகளில் இட்டு, பைகளின் வாய் நீருக்கு மேலே நிற்குமாறு பனிக்கட்டி நீர் நிறைந்த வாளியில் அமிழ்த்துக. ஐந்து நிமிடங்களுக்கு ஒரு முறை வெப்பநிலையைக் குறித்து வரச் செய்க.

தளர்ந்த உலர்துணியில் உள்ள புட்டியே நெடுநேரம் சூட்டைக் காக்கும். ஈரத்துணியில் உள்ளது விரைவில் குளிரும். நூலால் நெரிக்கப்பட்டது இரண்டுக்கும் இடைப்பட்டதாக இருக்கும். முதல் பை மிதக்க முற்படுவதால் அதனுடன் ஒரு கல்லைக் கட்ட வேண்டியிருக்கும். உலர் உடையணிந்தவர் இடுப்பில் ஈயக் கட்டிகளைச் சுமப்பதும் இதன் பொருட்டே என்பதை மாணவர்கள் தாமே கண்டுகொள்வர்.

குளிர் முதலில் விரல்களைக் கவர்கின்றது. அடுத்து அறிவை மந்தமாக்குகின்றது. தாம் குளிர்ந்துவிட்டோம் என்பதையே உணராத நிலை அதன் பின்னர் வருகின்றது. எனவே உறைகடலில் பணிபுரிவோர் நடுக்கம் அடங்காதபோதும், விரல்கள் சொன்னபடி கேளாதபோதும், உருளையில் எவ்வளவு காற்று எஞ்சியிருந்தாலும் பணியை முடித்துக்கொண்டு உரிய வேகத்தில் மேலே வந்துவிடுகின்றனர். அவர்களுடைய உடை உறைகடலில் தங்குவதற்குச் சிறிது நேரத்தை ஈட்டித் தருகின்றது. அந்நேரம் முடிந்ததை உணர்ந்து திரும்புவது அணிந்தவரின் பொறுப்பாகும்.